தோற்கச் சம்மதிக்கும் கோட்பாடு

"சூப்பர்சிமெட்ரி செத்துப்போச்சு" எண்டு சொல்லுறது இப்ப ஒரு பாஷன். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்னின் பெரிய மோதுகருவி புரோத்தன்களை மோதவிட்டுத் தேடியது. 2012இல் ஹிக்ஸ் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு சோடி இருக்கவேண்டும் என்று சூப்பர்சிமெட்ரி சொல்கிறதே, அந்தச் சோடிகளில் ஒன்றுகூட இன்றுவரை சிக்கவில்லை. எண்டாலும் இந்தக் கேலியில் நாங்கள் சேரமாட்டோம். காரணம் நியூட்ரினோ.

துணிக்கைகளின் நியம மாதிரியில் நியூட்ரினோவுக்குத் திணிவே இல்லை. 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டேயும், பிறகு கனடாவின் சட்பரி ஆய்வகமும் நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன என்று காட்டின. அப்படி மாறவேண்டுமெண்டா திணிவு வேண்டும். 2015 நோபல் பரிசு இதற்குத்தான். இலத்திரனைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கு மேல் சிறிய இந்தத் திணிவு எங்கிருந்து வந்தது?

பிரபலமான பதில் 'சீசோ': மறுபக்கத்தில் மிகப் பாரமான துணிக்கை ஒன்று இருப்பதால் நியூட்ரினோ இலேசாகிறது. வடிவான விளக்கம். ஆனா அந்தப் பாரமான துணிக்கை எந்த மோதுகருவிக்கும் எட்டாத சக்தியில் இருக்கலாம். நேரே பிடிக்க ஏலாது.

சூப்பர்சிமெட்ரியைச் சேர்த்தால் அதன் சுவடு கீழே தெரியலாம்: மியூவன் ஒன்று இலத்திரனாகவும் ஒளித்துணிக்கையாகவும் சிதையும். சுவிற்சர்லாந்தில் மெக் பரிசோதனை இதைத்தான் தேடுகிறது. பத்து ட்ரில்லியன் மியூவன்களில் மூன்றுக்குமேல் இப்படிச் சிதையாது என்று 2023இல் சொன்னார்கள். அதற்குமேல் எதிர்பார்த்த மாதிரிகள் அதோடு சரி.

எங்களுக்கு அதிகம் பிடித்தது இன்னொரு வகை. அது 'ஆர்-பரிட்டி' என்ற பாதுகாப்பு விதியைக் கொஞ்சமாக மீறுகிறது. அதனால் நியூட்ரினோக்கள் நியூட்ராலினோ என்ற சோடித் துணிக்கைகளோடு கலந்து திணிவு பெறுகின்றன. அதே கலப்பால் நியூட்ராலினோவும் சிதையும். அது மியூவனைத் தரும் தடவைகளுக்கும் டவ்வைத் தரும் தடவைகளுக்கும் உள்ள விகிதம், சூப்பர் கமியோகாண்டே அளந்த நியூட்ரினோக் கலப்போடு பொருந்தவேண்டும், கிட்டத்தட்டச் சரிபாதி. நிலத்துக்கடியில் தண்ணித் தொட்டியில் அளந்த ஒன்றை மோதுகருவியில் சரிபார்க்கலாம் எண்டா, இதைவிட நேர்மை என்ன? அதற்கு விலையும் உண்டு: சிதைந்துபோகிற நியூட்ராலினோவைக் கரும்பொருள் என்று சொல்லமுடியாது.

எங்களுக்குக் கோபம் வருவது வேற இடத்தில். ஒவ்வொரு தேடலும் வெறுங்கையோடு முடியும்போது, சோடிகளின் திணிவை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துவிட்டு "அடுத்த கருவியில பாப்பம்" என்பது. எத்தனை தரம்? எந்த எல்லையில் கைவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லாத மாதிரி விஞ்ஞானமாக இருப்பது கஷ்டம்.

ஆகவே அடுத்தமுறை யாராவது ஒரு கோட்பாடு வடிவாயிருக்கு எண்டு சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கோ: என்ன கண்டால் இதைப் பிழையெண்டு ஒத்துக்கொள்ளுவீங்கள்? பதில் இருந்தால், அது தோற்றாலும் மரியாதைக்குரியதுதான்.