வாரிய வீட்டை 'பவர்' போட்டு வாங்குறீங்களா? ஏமாந்துடாதீங்க!

போடி,
போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு ஊருக்குள் சொந்த வீடு என்பது பல வருஷக் கனவு. வீட்டுவசதி வாரியமோ, குடிசை மாற்று வாரியமோ (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கிய வீடு மலிவாக வருகிறது என்றால், சேர்த்த காசை உடனே கொடுக்கத்தான் தோன்றும்.

சிக்கல் எங்கே?

தவணை வீட்டுக்கு வாரியம் முதலில் கொடுப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே. முழுப் பணமும் கட்டி, கிரையப் பத்திரம் பதிவான பிறகே அவர் உரிமையாளர். அதற்கு முன்பே, "பவர் எழுதித் தர்றேன், அக்ரிமெண்ட் போட்டுக்கலாம்" என்று பேசுபவர்கள் உண்டு.

பவர், அக்ரிமெண்ட், உயில் மூன்றும் சேர்ந்தாலும் சொத்து கைமாறாது. பதிவு செய்த கிரையப் பத்திரம் வேண்டும் என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால், சாதாரண பவர் அதோடு முடிந்தது. வாரிசுகள் வந்து நின்றால் வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

என்ன செய்யணும்?

விற்பவர் பெயரில் வாரியம் எழுதிக்கொடுத்த பத்திரம் இருக்கா, விற்கத் தடை நிபந்தனை இருக்கா என்று பார்க்கணும். வில்லங்கச் சான்று போடணும். தவணை பாக்கி இருந்தால், விற்பவர் அதைக் கட்டி முதலில் தன் பெயருக்குப் பத்திரம் வாங்கணும்.

ரூ.5 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், அதாவது ரூ.45 ஆயிரம் ஆகும். ரூ.10 லட்சம் வரையிலான வீட்டைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் 1 சதவீதம் சலுகை, ரூ.40 ஆயிரம்தான்.

அந்த நாற்பதாயிரத்தை மிச்சம் பிடிக்கப்போய், ஐந்து லட்சத்தையும் விட்டுடக் கூடாது.