வேகத்தை வாங்கலாம், பாதுகாப்பை வாங்க முடியுமா?

பினாங்குத் தீவில் சுங்கை பினாங் வட்டாரத்தில் வாழ்வோர் கோலாலம்பூருக்கு இரயிலேற வேண்டுமெனின், கடலைக் கடந்து பட்டர்வொர்த் செல்லவேண்டும். அங்கிருந்து 2015 முதல் மின்தொடர்வண்டி மணிக்கு 140 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் தலைநகரை நோக்கி விரைகிறது. இவ்வேகமும் போதாது என்பார் உளர். கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயில் திட்டம் 2013-இல் அறிவிக்கப்பட்டது; 350 கிலோமீட்டர் தொலைவை 90 நிமிடத்தில் கடப்பதே அதன் நோக்கம். 2020 இறுதியில் அவ்வுடன்பாடு முடிவுற்றது. எனினும், 2023-இல் தனியார் நிறுவனங்களிடம் கருத்துருக்கள் கோரப்பட்டதும் பழைய பேச்சு மீண்டும் உயிர்பெற்றது. வேகமே முன்னேற்றம் என ஒரு சாராரும், வேகமே எமன் என மறு சாராரும் முழங்குகின்றனர். இருசாராரும் உண்மையைக் காண மறுக்கின்றனர்.

வேகமே கொல்லுமெனின், ஜப்பானின் ஷின்கான்சென் இரயில் எத்தனை உயிர்களைக் குடித்திருக்க வேண்டும்! 1964 அக்டோபர் முதல் நாள் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய அவ்விரயிலில், மோதலாலோ தடம்புரண்டதாலோ இதுவரை பயணி ஒருவர்கூட மாண்டதில்லை. காரணம் யாது? சாலை எதுவும் அதன் தண்டவாளத்தைக் குறுக்கிடுவதில்லை. ஓட்டுநர் தவறினாலும் தானியங்கிக் கட்டுப்பாடு வேகத்தைக் குறைக்கும். நள்ளிரவு முதல் விடியல் வரை வண்டிகள் நிறுத்தப்பட்டுப் பராமரிப்புப் பணி நடைபெறும். ஒரு தனிமனிதனின் விழிப்பை மட்டுமே நம்பி ஆயிரம் உயிர்கள் அங்கு ஒப்படைக்கப்படுவதில்லை.

அதே ஜப்பானில், 2005 ஏப்ரல் 25-ஆம் நாள், அமகசாக்கியில் சாதாரணப் பயணியர் வண்டியொன்று தடம்புரண்டது. ஓட்டுநர் உட்பட 107 பேர் மாண்டனர். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவேண்டிய வளைவில், வண்டி 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. அந்த ஓட்டுநருக்கு வயது 23. முந்திய நிலையத்தில் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தியதால் அவருக்கு ஏறத்தாழ 90 விநாடித் தாமதம் நேர்ந்திருந்தது. தவறு செய்த ஓட்டுநரை மறுபயிற்சி என்னும் பெயரால் இழிவுபடுத்தும் வழக்கம் அந்நிறுவனத்தில் இருந்தது. வேகத்தைத் தானே குறைக்கும் கருவியோ அவ்வளைவில் இல்லை. அச்சம் வண்டியை விரட்டிற்று. நிருவாகம் அவ்வச்சத்தை வளர்த்திருந்தது. ஓட்டுநரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகுமா?

தமிழர்க்கு நெருக்கமான சான்றும் உண்டு. 2023 சூன் 2-ஆம் நாள், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி ஒடிசாவின் பாகாநாகா பசாரில் பச்சை விளக்கை நம்பிச் சென்றது. ஆனால் சரக்கு வண்டி நின்ற கிளைப்பாதையில் திருப்பிவிடப்பட்டது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சதி என்னும் பேச்சே முதலில் எழுந்தது. விசாரணையோ சமிக்ஞைக் கம்பி இணைப்பில் நிகழ்ந்த பிழையைக் காட்டியது. அதே கோட்டத்தில் 2022-இல் இதையொத்த பிழை நேர்ந்திருந்தும், அதிலிருந்து பாடம் கற்கப்படவில்லை.

மலேசியாவும் விலக்கன்று. 2021 மே 24-ஆம் நாள், கோலாலம்பூரின் கிளானா ஜெயா தடத்தில், பழுதுற்ற வெற்று வண்டி தானியங்கி முறையிலிருந்து விலக்கிக் கையால் இயக்கப்பட்டபோது, பயணியர் வண்டியுடன் மோதியது. 213 பேர் காயமுற்றனர். கோடிக்கணக்கில் செலவிட்டு வாங்கிய கருவி விலக்கப்பட்ட அச்சில நிமிடங்களில் ஒழுங்குமுறையே உயிர்களைக் காத்திருக்க வேண்டும். அது காக்கவில்லை.

1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் விழுந்தது. அப்போது இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். பாலத்தை அவர் கட்டவில்லை, வண்டியையும் ஓட்டவில்லை. ஆயினும் பொறுப்பு மேலிருந்து தொடங்கவேண்டும் என அவர் உணர்ந்தார். இன்றோ, விபத்து நேர்ந்தால் பழி கீழ்நோக்கியே பாய்கிறது. கடைநிலை ஊழியர்மீது அது வந்து நிற்கிறது. மலாயாவின் தண்டவாளங்களைத் தம் வியர்வையால் இட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவ்வநீதியைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமோ?

அதிவேக வண்டி வரட்டும், எவரும் தடுக்கவேண்டியதில்லை. ஆனால், விசாரணை அறிக்கைகள் முழுமையாக மக்கள்முன் வைக்கப்படட்டும். பிழையைச் சுட்டும் ஊழியருக்குத் தண்டனையன்றிப் பாதுகாப்புக் கிடைக்கட்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் வேகம் வெறும் பகட்டே.

இவை ஆட்சியாளர் கடமை மட்டுமல்ல. ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. "ஐயா, நான் தவறாகச் செய்துவிட்டேன்" எனச் சொல்லும் மாணவனை எள்ளி நகையாடும் வகுப்பறை, பிழையை மறைக்கும் ஊழியனையே உருவாக்கும். அவனே நாளை சமிக்ஞைப் பெட்டியின்முன் நிற்பான். பொறியாளனாய்ப் பாலத்தைச் சோதிப்பான். தவற்றை அஞ்சாமல் ஒப்புக்கொள்ளவும், ஒப்புக்கொண்டதைத் திருத்திக்கொள்ளவும் பள்ளியிலேயே பழகியவன்தான் அங்கே உண்மையை உரைப்பான். தண்டவாளத்தின் பாதுகாப்பு இரும்பில் மட்டும் இல்லை. அது கரும்பலகையின் முன்னும் தொடங்குகிறது. தமிழாசிரியர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக!