ரங்கூனை மறைக்கலாமா?

கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பிள்ளைக்கு மத்திய சர்க்கார் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் நிரப்பித் தர ஒரு படிவம் வந்தது. தாய் தகப்பன் எந்த நாட்டுப் பிரஜை, எந்த ஊரில் பிறந்தவர் என்றெல்லாம் கேள்விகள். தாயார் பிறந்ததோ ரங்கூன்! 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த கூட்டத்தில் இடுப்புக் குழந்தையாக வந்தவர்.

"கொருக்குப்பேட்டை என்றே எழுதிவிடேண்டா! யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் அம்மாள்.

போலீஸ் பார்க்கும், சகோதரிகளே! படிவத்தின் தலைப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள்: பொய் எழுதினாலும், உள்ளதை மறைத்தாலும் வேலைக்குத் தகுதி போய்விடும். பர்மாவில் பிறந்தது குற்றமே அல்ல. அப்படிப் பார்த்தால் வடசென்னையில் பாதித் தெருக்களுக்கு வேலை கிடைக்காது!

சேர்ந்த பிறகும் விடமாட்டார்கள். 1964-ம் வருஷத்து நடத்தை விதிகளின்படி, வெளிநாட்டவரை மணந்தால் உடனே சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடன்தான் பெரிய வம்பு. கழுத்தை நெரிக்கும் கடன்காரனுக்குப் பயந்து ஆபீஸ் ரகசியத்தை விற்றவர்கள் உலகெங்கும் உண்டல்லவா? கடனுக்காகக் கோர்ட்டில் வழக்கு வந்தால், ஊழியரே மேலிடத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஊதாரித்தனத்தால் வந்த கடனல்ல, எதிர்பாராத கஷ்டத்தால் வந்தது என்று காட்டும் பொறுப்பும் அவர் தலையில்தான். ஆகவே ஆஸ்பத்திரி ரசீதுகளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள்!

பிள்ளை 'ரங்கூன்' என்றே எழுதினான். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குக் காபி கொடுத்து, கப்பல் கதை முழுவதையும் சொல்லித்தான் அனுப்பினாராம் அம்மாள்.