பட்டியலில் ஏறாத இழப்புகள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் கடலோர மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் ஒரு பட்டியலைத் தூசி தட்டி எடுப்பார்கள். மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு எனப் பாதிப்புக்குள்ளாகும் இடங்கள் அதில் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல் பல உயிர்களைக் காத்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், வெள்ளம் எங்கே தேங்கும், யாரை எப்போது வெளியேற்றுவது என்பதோடு அதன் அக்கறை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது கஜா புயல். 2004 சுனாமியில் 6,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் நாகை. அந்த அனுபவம் வீண்போகவில்லை. கஜா வருமுன்பே டெல்டா மாவட்டங்களில் பல்லாயிரக்கணக்கானோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அரசுக்குப் பாராட்டும் கிடைத்தது. பொழுது விடிந்த பிறகுதான் மற்றது தெரிந்தது.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. சொட்டுத் தண்ணீர் தேங்காத மேட்டுத் தோப்புகளும் தப்பவில்லை. தண்ணீரை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த இழப்பு கணக்கிலேயே வராது. தென்னம்பிள்ளை வைத்துக் காய் பறிக்க ஐந்தாறு வருடமாவது ஆகும். நெட்டை ரகம் என்றால் இன்னும் தாமதம். அதுவரை கடன் தவணையை எதைக் கொண்டு கட்டுவது? ஒரே பயிரை நம்பி நிற்கும் ஊர், கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஆபத்தில் இருக்கும் ஊர்தான்.

இன்னொன்று குடிதண்ணீர். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன, மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டிகள் காய்ந்தன. புயலுக்குத் தப்பிய மக்கள் காலிக் குடங்களோடு சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். 'உங்கள் ஊர்த் தொட்டிக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா?' என்று முன்கூட்டியே ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைத்திருந்தால், எந்த லாரி முதலில் எங்கே போக வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

மாவட்டத்துக்கு ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் வேண்டும், ஆண்டுதோறும் அதைச் சீராய்வு செய்ய வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு. சீராய்வுக்கு அடிப்படையான மக்கள்தொகையோ 2011 கணக்கு. அதன்பின் நாகையிலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகவே பிரிந்துவிட்டது.

செயற்கைக்கோள் படம் இருக்கிறதே என்பார்கள். அதில் கூரை தெரியும். கூரைக்குக் கீழே படுத்த படுக்கையாகக் கிடக்கும் மூதாட்டி தெரியமாட்டார். எந்த முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறது, எந்த வடிகால் வாய் தூர்ந்திருக்கிறது, எந்த உப்பளத்திலிருந்து ஊர் திரும்ப ஒரே ஒரு பாதைதான் என்பதெல்லாம் அங்கே பிழைப்பவர்களுக்குத்தான் தெரியும். எனவே அந்தப் பட்டியலுக்கான பாதிப்பு மதிப்பீட்டை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைக்க வேண்டும் என்கிறோம். குக்கிராமம் வாரியாக வாசித்துக் காட்டி, ஊர் சொல்லும் திருத்தங்களைக் கேட்டு, களத்தில் சரிபார்த்து, அக்டோபர் 2 கிராம சபையில் இறுதி செய்யலாம். பருவமழைக்கு அப்போது இரண்டு மூன்று வாரம் இருக்கும்.

நிவாரணப் பணத்துக்காக மக்கள் மிகைப்படுத்துவார்கள் என்று அதிகாரிகள் தயங்குவது புரிகிறது. அப்படியானால் இந்த மதிப்பீட்டுக்கும் நிவாரணத் தொகைக்கும் தொடர்பில்லை என்று முதலிலேயே அறிவித்துவிடலாம். தவிர, ஊர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் கூட்டிச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரே எழுந்து மறுப்பார். கிராம சபைக்குப் போய் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

இந்த ஆண்டே எல்லா மாவட்டங்களிலும் முடியாது என்றால், வேதாரண்யம், தலைஞாயிறு ஒன்றியங்களிலாவது தொடங்கட்டும். இறுதி செய்த தாளை அந்தந்த ஊர் ரேஷன் கடைச் சுவரில், வரிசையில் நிற்பவர் படிக்கும் உயரத்தில் ஒட்டட்டும்.