தடுத்தவர் பெயர் என்ன?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கால்பந்துப் பந்தயம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரிடம் நாம் கேட்பவை இரண்டே கேள்விகள்தாம். “யார் ஜெயித்தது?” என்பது ஒன்று. “யார் கோல் போட்டது?” என்பது மற்றொன்று. மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. “கோல் விழாமல் தடுத்தது யார்?” என்பதே அது. அதை நாம் கேட்பதில்லை. கேட்பாரில்லாததால் விடையை எழுதி வைப்பாரும் இல்லை.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமன்று, உலகப் பழக்கமே ஆகும். ஆண்டின் தலைசிறந்த கால்பந்து வீரருக்கு ‘தங்கப் பந்து’ என்னும் பரிசை 1956 முதல் ஐரோப்பாவில் வழங்கி வருகிறார்கள். தடுப்பாட்டக்காரர்களில் அதைப் பெற்றவர்கள் மூன்றே பேர். மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பாவர் 1972லும் 1976லும் பெற்றார். ஜெர்மனியின் சாமர் 1996லும், இத்தாலியின் கன்னவாரோ 2006லும் பெற்றார்கள். அதற்குப் பின் இன்றுவரை ஒரு தடுப்பாட்டக்காரருக்கும் அது கிட்டவில்லை. பதினோரு பேர் கொண்ட அணியில் மூவரோ நால்வரோ தடுப்பதற்கென்றே நிற்கிறார்கள். எழுபதாண்டுப் பரிசுப் பட்டியலில் அவர்களுக்குக் கிடைத்த இடம் நான்கு. இது நீதியா என்று மாணவ நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் கருத்தை நிலைநாட்ட நான் சான்றாகக் கொள்வது ஓர் இந்தியரின் வாழ்க்கையை. அவர் ஜர்னைல் சிங். இந்திய அணியின் நடுப் பின்னணியில் மலைபோல் நின்றவர். 1936ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் லயல்பூர்ப் பகுதியில் வாழ்ந்தவர். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் ஃபைசலாபாத் என்னும் பெயரில் இருக்கிறது. 1947இல் நாடு பிரிந்தபோது பதினொரு வயதுச் சிறுவனாக எல்லையைக் கடந்து கிழக்குப் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்துக்கு வந்தார். வீடும் நிலமும் விட்டு வந்த பல இலட்சம் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று.

அவரை ஆட்டக்காரராக்கியது எது? பெரிய நகரத்தின் பெரிய மைதானம் அன்று. மஹில்பூர் என்னும் சிற்றூரில் இருந்த கால்சா கல்லூரி! கிராமத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் படித்த அக்கல்லூரியின் மைதானத்தில்தான் இந்திய அணியின் வருங்காலத் தலைவர் உருவானார். இன்றும் பஞ்சாபில் கால்பந்து என்றால் மஹில்பூரின் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நம்மைப் போன்ற கல்லூரிகளில் படிப்பவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஊர் சிறியதாக இருக்கலாம். கல்லூரி சிறியதாக இருக்கலாம். அங்கே ஒரு மைதானமும், மாலைதோறும் அதில் நிற்கும் ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.

மஹில்பூரிலிருந்து ஜலந்தருக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் அவர் சென்றார். கல்கத்தாவில் ராஜஸ்தான் கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு, 1959இல் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். 1968 வரை அங்கேயே ஆடினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு அணிகளை எதிர்த்து இந்தியா ஆடியது. பலம் பொருந்திய ஹங்கேரியிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. அந்த அணியின் பின்னணியில் ஜர்னைல் இருந்தார். 1964இல் அர்ஜுனா விருது பெற்றார். 1966இல் ஆசிய நட்சத்திர அணிக்கே தலைவரானார். ஆசியக் கண்டம் முழுவதிலுமிருந்து பொறுக்கியெடுத்த அணிக்கு ஓர் இந்தியத் தடுப்பாட்டக்காரர் தலைவர் என்றால், அன்று நம் நாட்டுக்கு இருந்த மதிப்பு எத்தகையது!

இத்தனைக்கும் பின் இன்று ஜர்னைல் சிங்கின் பெயரைச் சொன்னால் சொல்லப்படும் கதை எது தெரியுமா? அவர் போட்ட கோல்களின் கதை.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 2-0 என்று தோற்றது. தாய்லாந்தை எதிர்த்த ஆட்டத்தில் ஜர்னைலின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. காயம்பட்ட தலையோடு அவரைப் பின்னணியில் நிறுத்துவது ஆபத்து என்று எண்ணிய பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். அரையிறுதியில் ஜர்னைலை முன்னணியின் நடுவில் நிறுத்தினார். தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம். அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிகளில் சேர்க்காததை இந்தியாவின் சோந்தி கண்டித்திருந்ததால், ஏறக்குறைய ஒரு இலட்சம் பார்வையாளர்கள் நம் அணிக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் இன்னொன்று போட்டார். இந்தியா 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. அதற்குப் பின் ஆசியப் போட்டிகளில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவே இல்லை. வெற்றி தேடித்தந்த ரஹீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் வாழ்க்கையை வைத்து 2024இல் ‘மைதான்’ என்ற இந்திப் படமும் வந்துவிட்டது.

கேட்க இனிமையான கதை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். 20ஆம் நிமிடத்தில் நாம் 2-0 என்று முன்னே இருந்தோம். மீதம் 70 நிமிடங்கள். சில நாள்களுக்கு முன்புதான் நமக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்ட அதே கொரிய அணி. அரங்கமே எதிரி. அந்த 70 நிமிடங்களில் கொரியர்களுக்குக் கிடைத்தது 85ஆம் நிமிடத்தில் ஒரே ஒரு கோல். காரணம் யார்? கோல் கம்பத்தின் கீழே பீட்டர் தங்கராஜ். அவருக்கு முன்னே, ஜர்னைல் விட்டுப்போன இடத்தையும் சேர்த்து அடைத்து நின்ற அருண் கோஷ், திரிலோக் சிங், கேரளத்து இரிஞ்ஞாலக்குடா தந்த ஓ. சந்திரசேகர். பானர்ஜியையும் ஜர்னைலையும் நினைவில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த நால்வரின் பெயர்களும் தெரியும்? பத்தாண்டுக் காலம் தடுத்து நின்ற ஜர்னைலையே இரண்டு ஆட்டங்களில் அடித்த கோல்களுக்காகத்தானே கொண்டாடுகிறோம்!

கடல் கடந்தும் இதே கதைதான். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஸ்வான்சீ நகரில் பிறந்த ஜான் சார்லஸ் நடுப் பின்னணியிலும் ஆடுவார், நடு முன்னணியிலும் ஆடுவார். இரண்டிலும் அவருக்கு இணையில்லை என்றார்கள். 1957இல் 65,000 பவுன் கொடுத்து இத்தாலியின் ஜுவென்டஸ் கழகம் அவரை வாங்கியது. ஒரு பிரிட்டிஷ் ஆட்டக்காரருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை அது. வாங்கியது எதற்கு? கோல் போடுவதற்கு. அங்கே மூன்று முறை இத்தாலியப் பட்டம் வென்றார். முரட்டு ஆட்டத்துக்காக நடுவர் அவரை ஒருமுறைகூட வெளியேற்றியதில்லை. ‘நல்ல ராட்சசன்’ என்று இத்தாலியர்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். இத்தகைய மனிதரின் வாழ்க்கையிலும் முன்னணியில் நின்ற காலத்துக்கே விலையும் புகழும் என்றால், தடுப்பாட்டத்துக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பது விளங்கும்.

“கோல் போட்டால்தானே ஜெயிக்க முடியும்? தடுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் சமனில்தானே முடியும்?” என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. முன்னணி ஆட்டக்காரரின் புகழைப் பிடுங்க வேண்டும் என்பது என் நோக்கமன்று. ஆனால் ஒன்றை நோக்குங்கள். முன்னணி ஆட்டக்காரர் ஒன்பது முறை குறி தவறிப் பத்தாவது முறை அடித்தால் வீரர். பின்னணி ஆட்டக்காரர் ஒன்பது முறை தடுத்துப் பத்தாவது முறை தவறினால் அணியைக் கெடுத்தவர். ஒருவருடைய வெற்றி மட்டும் ஏட்டில் ஏறுகிறது. மற்றவருடைய தோல்வி மட்டும் ஏட்டில் ஏறுகிறது. ஒரே மைதானத்தில் இரண்டு தராசுகள் இருக்கலாமா?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். வேலை என்பது விசையையும் அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது என்று வகுப்பில் படிக்கிறோம். மலைச்சரிவில் உருளப் பார்க்கும் பாறைக்கு முதுகைக் கொடுத்து ஒருவன் காலை முதல் மாலை வரை தாங்கி நிற்கிறான். பாறை அசையவில்லை. ஆகவே அவன் பாறையின்மேல் செய்த வேலை பூஜ்யம். சூத்திரத்தில் பிழையில்லை. ஆனால் அந்தப் பாறைக்குக் கீழே ஒரு வீடு இருந்தால், வீட்டில் இருப்பவர்கள் அதைப் பூஜ்யம் என்று சொல்வார்களா?

ஜவ்வாது மலைக்காரனான எனக்கு இது வெறும் ஆட்டப் பேச்சாகத் தோன்றவில்லை. எங்கள் மலையில் சமதரை அரிது. சாமை விதைத்தது போக மிச்சமுள்ள மேட்டில்தான் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். பள்ளத்துப் பக்கம் நிற்கும் பின்னணிப் பையன் பந்தை விட்டுவிட்டால் அது ஓடையில்தான் போய் நிற்கும். எடுத்து வருவதும் அவன் பாடு. அவனுக்கு ஒரு கைதட்டல் கிடையாது.

வீடுகளிலும் இதே நிலைதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊரில் எல்லோரும் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்று, ஆடு மேய்த்து, கொல்லி வேலை பார்த்து, என் படிப்புக்கு இடையூறு வராமல் காத்தது என் அக்கா. கோல் என் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அக்காவின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இந்த இதழைப் படிக்கும் நண்பர்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

இன்னும் கடுமையான ஒன்றையும் சொல்ல வேண்டும். செம்மரம் வெட்டினால் கை நிறையக் கூலி என்று ஆசை காட்டி இளைஞர்களை ஆந்திரக் காடுகளுக்கு அழைத்துச் செல்ல இடைத்தரகர்கள் எங்கள் மலைக்கு வந்ததை நாடறியும். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தித்தாள்களில் வந்தது, வரத்தான் வேண்டும். ஆனால் “போகாதே” என்று மகனின் கையைப் பிடித்து நிறுத்திய தாய்மார்கள் எத்தனை பேர்? விடுதியைவிட்டு ஓடிய பையனை ஊருக்கே தேடி வந்து திரும்ப அழைத்துச் சென்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கை எங்கும் இல்லை. நடந்த துன்பத்துக்குக் கணக்கு இருக்கிறது. நடக்கவிடாமல் தடுக்கப்பட்ட துன்பத்துக்குக் கணக்கில்லை. தடுப்பவரை மதிக்கக் கற்காத சமுதாயத்தில் தடுக்க முன்வருபவர்களும் நாளடைவில் குறைந்துபோவார்கள் என்பதே என் அச்சம்.

ஆகவே நம்மால் ஆகக்கூடிய சிறு காரியங்களை முதல்வர் அவர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கும், மாணவ நண்பர்களுக்கும் பணிவுடன் முன்வைக்கிறேன். முதலாவது, நம் கல்லூரி ஆடும் ஒவ்வொரு கால்பந்துப் பந்தயத்தின் முடிவையும் அறிவிப்புப் பலகையில் எழுதும்போது, கோல் போட்டவர்களின் பெயருக்குக் கீழே தடுப்பாட்டக்காரர்கள், கோல் காப்பாளர் ஆகியோரின் பெயர்களையும் எழுத வேண்டும். இந்த ஆண்டு மலரின் விளையாட்டு அறிக்கையிலும் அவ்வாறே செய்யலாம். இரண்டாவது, விளையாட்டு விழாவில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கென ஒரு கோப்பை வைக்க வேண்டும். மூன்றாவது, அணி சேர்க்கும்போது புதிதாக வந்தவனையும் கால் ஓடாதவனையும் “நீ பின்னாலே நில்” என்று ஒதுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பின்னணி, வேண்டாதவர்களை நிறுத்தும் இடம் அன்று. திருச்சியில் பிறந்த தர்மராஜ் ராவணன் ஐ-லீக் கழகங்கள் வரை சென்றது தடுப்பாட்டக்காரராகத்தான் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஜர்னைல் சிங் ஆட்டத்தைவிட்டு விலகியபின் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பஞ்சாப் அணிக்குப் பயிற்சியளித்து 1970களில் சந்தோஷ் கோப்பையை வெல்லச் செய்தார். பின்னர் அம்மாநில விளையாட்டுத் துறையில் உயர் பொறுப்புகளை வகித்தார். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். தாம் நின்ற இடத்தில் தமக்குப் பின் வேறொருவரை நிறுத்திவிட்டுப் போவதும் தடுப்பாட்டக்காரரின் கடமைதான் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

நான் கேட்கும் கோப்பைக்குச் செலவு அதிகமில்லை. பித்தளையில் ஒரு கோப்பை, அதில் ஒரு வரி, ஆண்டுதோறும் ஒரு பெயர், அவ்வளவுதான். அடுத்த விளையாட்டு விழாவிலேயே அது மேடையில் இருக்குமானால், பள்ளத்துப் பக்கம் நிற்கும் எத்தனையோ பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள்.