செத்துப்போன சென்சார் ஏன் "எல்லாம் நலம்" என்கிறது?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிள்ளைகள் துபாயிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம். லீவில் வரும் பிள்ளையின் பெட்டியில் இப்போதெல்லாம் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் கதவு சென்சார், ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார், அம்மாவின் கட்டிலருகே ஒட்ட ஒரு வயர்லெஸ் பொத்தான் எல்லாம் வருகின்றன. இரண்டு நாளில் ஒட்டி முடித்து, போனில் ஆப் போட்டுக் காட்டிவிட்டு, பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பிக்கிறது.

உடனே ஊரே சொல்லும் தீர்ப்பு: "சைனா மாலு, அப்படித்தான் இருக்கும்." இதைப்போல ஒரு சோம்பேறித் தீர்ப்பு கிடையாது! பாதி நேரம் கருவியில் ஒரு கோளாறும் இருக்காது. அது வந்து உட்கார்ந்த வீடுதான் அதற்கு ஒத்துவரவில்லை.

இரும்பு கிரில் கதவில் காந்தம் வைத்த சென்சாரை ஒட்டினால், காந்தப்புலத்தை அந்த இரும்பே இழுத்துக்கொள்ளும். கதவு மூடியிருந்தாலும் "திறந்திருக்கு" என்று காட்டும். நடமாட்டம் பார்க்கும் பிஐஆர் சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுற்றியிருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. மே மாத மதியம் அறையே உடம்பு அளவுக்குக் கொதிக்கும்போது அதன் கண்ணுக்கு மனுசனும் சுவரும் ஒன்று. இதற்குச் சீனாக்காரன் என்ன செய்வான்?

அடுத்தது ரேடியோ. ஜிக்பீ, வைஃபை, புளூடூத் மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சந்தில்தான் முட்டிக்கொள்கின்றன. அந்தச் சந்தில் ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல். வைஃபையின் ஒரு சேனல் அதில் நாலைந்தை அடைத்துக்கொண்டு படுத்துவிடும். போதாததற்கு ஜிக்பீ டாங்கிளை கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 3.0 துளையில் நேராகச் சொருகுகிறார்கள். யூஎஸ்பி 3.0 இதே அலைவரிசையில் இரைச்சல் போடுகிறது என்று இன்டெல் 2012இலேயே அறிக்கை எழுதி வைத்தது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம். அதைச் செய்யாமல் நாலு சென்சாரைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

கூத்தே இனிமேல்தான். ஜிக்பீயில் கரண்டில் ஓடும் பல்பும் பிளக்கும் அஞ்சல்காரர் வேலையும் பார்க்கின்றன. பேட்டரி சென்சார் அவற்றில் ஒன்றிடம் செய்தியைக் கொடுத்துவிட்டுத் தூங்கும். அம்மா வழக்கம்போலத் தூங்கப்போகும்போது சுவர் சுவிட்சில் பல்பை அணைப்பார். அஞ்சல்காரர் அவுட்! ஊரில் கரண்ட் போனாலும், இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்குக்கு அதே கதிதான். அநாதையான சென்சார் வேறு ஆளைத் தேடிப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். (பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்த அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த விவகாரம் சட்டென்று புரியும் :)) "அம்மாதான் சுவிட்சை அணைச்சிட்டாங்க" என்று பிள்ளை போனில் கோபப்படுவதுதான் இதில் அநியாயம். சுவிட்சை அணைத்தால் கெட்டுப்போகும் ஏற்பாட்டைச் செய்தது யார்?

சரி, இதெல்லாம் தேடிப் பிடித்துச் சரிசெய்யக்கூடிய கோளாறுகள். மன்னிக்க முடியாத கோளாறு வேறு. பேட்டரி தீர்ந்த கதவு சென்சாரைப் பல ஆப்கள் "மூடியிருக்கு" என்றே காட்டிக்கொண்டிருக்கும், கடைசியாகச் சொன்னது அதுதான் என்பதால். சிஆர்2032 பேட்டரியின் வோல்டேஜ் கடைசிவரை இறங்காமல் நின்றுவிட்டுச் சடாரென்று விழும். அதை வைத்துப் போடும் சதவீதக் கணக்கு, பிணத்துக்குப் போட்ட பவுடர். ஹோம் அசிஸ்டென்ட்டின் ஜிக்பீ பகுதி, பேட்டரிக் கருவி 6 மணி நேரம் மூச்சு விடாமல் இருந்தால்தான் அதைக் "காணோம்" என்கிறது, அமைப்பை யாரும் மாற்றாத வரை. ஜிக்பீ2எம்கியூடிடியில் அந்தக் கணக்கு 25 மணி நேரம். பாத்ரூமில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு 25 மணி நேரம்!

அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். அரியலூர், ரயில் என்றதும் 1956 விபத்துதான் பலருக்கும் நினைவு வரும். அது வெள்ளத்தில் பாலம் போன கதை, இங்கே பேச்சு சிக்னலைப் பற்றி. 1872இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்த டிராக் சர்க்யூட்டின் தத்துவம் இதுதான்: தண்டவாளம் வழியாக எப்போதும் மின்சாரம் ஓடி ஒரு ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். ரயில் ஏறினால் ரிலே விழும், சிக்னல் சிவப்பு. பேட்டரி செத்தாலும் சிவப்பு. வயர் அறுந்தாலும் சிவப்பு. சத்தம் வரவில்லை என்றால் ஆபத்து என்று எடுத்துக்கொள், அவ்வளவுதான். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின மனுசனுக்குத் தெரிந்தது, ஸ்மார்ட் ஹோம் விற்கிறவர்களுக்குத் தெரியவில்லை. இவர்களுக்கு மௌனம் என்றால் சம்மதம்.

அடிக்கடி "இருக்கேன்" என்று சொல்ல வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பார்கள். மணிக்கு நாலு தடவை சில மில்லிசெகண்ட் பேசுவதால் குடி முழுகாது. சும்மா சும்மா எச்சரிக்கை வந்து தொல்லை பண்ணும் என்பார்கள். வரும்தான். ரயிலும் சும்மா சிவப்பில் நிற்கிறது, உள்ளே இருப்பவர்கள் திட்டுகிறார்கள், யாரும் அதற்காக டிராக் சர்க்யூட்டைப் பிடுங்கிப் போடவில்லை.

பொத்தான் இன்னும் மோசம். அழுத்தினால்தான் அது பேசும். அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது செத்து எத்தனை நாளாச்சு என்று யாருக்கும் தெரியாது, அழுத்தியவருக்கோ அதைச் சொல்ல ஆள் கிடையாது. பத்து மீட்டர் வயர் இழுத்து மாட்டிய காலிங் பெல் அப்படி இல்லை. அடித்தால் அடிக்கிற சத்தம் அம்மாவுக்கே கேட்கும், பக்கத்து வீட்டு அத்தைக்கும் கேட்கும். சுவரைத் தோண்ட வேண்டும், பெயின்ட் போகும் என்று சொல்லும் பிள்ளைகள் அம்மாவைவிட பெயின்ட்டை நேசிக்கிறார்கள்.

இந்த இரண்டு மாவட்டத்து இன்ஜினியரிங் காலேஜ்களிலும் ஃபைனல் இயர் வந்தால் "ஸ்மார்ட் ஹோம்" புராஜெக்ட் இல்லாமல் இருக்காது. மேஜைமேல் ஈஎஸ்பி8266, லேப்டாப்பிலிருந்து கரண்ட், அரை அடி தள்ளி ரவுட்டர். எல்லாம் பிரமாதமாக வேலை செய்யும், கைதட்டும் கிடைக்கும். வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னல் ஒரு காரியம் செய்யட்டும். புராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சாரின் வயரைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, திரையில் என்ன காட்டுகிறது என்று பார்த்து மார்க் போடட்டும்.