பள்ளிக்கூடத்து மண்ணை மூடிவிடாதீர்கள்!

சகோதரிகளே, உங்கள் குழந்தை படிக்கிற பள்ளிக்கூடத்தில் கால் பதிய மண் தரை இருக்கிறதா? அடுத்த தடவை போகும்போது கொஞ்சம் பாருங்கள். இப்போதெல்லாம் பல இடங்களில் வாசலிலிருந்து காம்பவுண்டு சுவர் வரை சிமெண்ட் கல்தான்.

எங்கள் பையன் பள்ளியிலும் பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. கல் பதிக்கலாம் என்று முதலில் கை தூக்கியவர்கள் தாய்மார்கள்தான்! "தினம் சட்டை துவைத்தே கை ஓய்ந்து போகிறது" என்றார் ஒருவர். வாஸ்தவம்தான். வெள்ளைச் சட்டையில் செம்மண் கறை போவதற்குள் நமக்குப் பிராணன் போகிறதே! ஆனாலும் நான் எழுந்து "வேண்டாம்" என்றேன். நடைபாதைக்கு மட்டும் கல், மிச்ச இடம் மண்ணாகவே இருக்கட்டும் என்று ஒருவழியாக முடிவாயிற்று.

ஏன் இந்தப் பிடிவாதம் என்கிறீர்களா? மொட்டை மாடியில் வற்றல் போடுகிற நமக்கு சித்திரை மாதச் சிமெண்ட் தரையின் சூடு தெரியாததா? வேப்ப மரத்தடி மண்ணில் காலை வைத்தால் எவ்வளவு இதம்! கல்லை இறுக்கிப் பதித்துவிட்டால் மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்காது. மரத்தின் வேருக்கும் கஷ்டம்.

கண்ணுக்கும் வெளி வெளிச்சம் நல்லது. சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 ஆரம்பப் பள்ளிகளில் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் மட்டும் தினம் 40 நிமிஷம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பள்ளிகளில் 100-க்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. 2015-ல் வெளியான விவரம் இது. வெளியே நிழல் இருந்தால்தானே நம் ஊர் வெயிலில் பிள்ளைகளை விட முடியும்?

பாடமும் அங்கேயே நடக்கும். ஒரு கறிவேப்பிலைச் செடி வையுங்கள். இலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு தெரியும். நசுக்கி விடாதீர்கள்! அது வளர்ந்து பச்சையாகும், கூட்டுப்புழுவாகும், ஒருநாள் கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். ஒரு கம்பை நட்டு, மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் எப்போது குட்டை, எப்போது நெட்டை என்று பிள்ளைகளே அளந்து சொல்லிவிடுவார்கள்.

சில குறிப்புகள்:

* வேம்பு, புங்கை, பூவரசு நல்ல நிழல் தரும். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் சுலபமாக வேர் பிடிக்கும்.
* கை கழுவுகிற தண்ணீரை வாழைக்குத் திருப்பி விடுங்கள்.
* முருங்கையை வகுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கம்பளிப்பூச்சி வரும். அரளி, ஊமத்தை கூடவே கூடாது, விஷம்.
* தண்ணீர் தேங்கினால் கொசுதான். பறவைக்கு வைக்கிற மண்சட்டியைத் தினம் கழுவ வேண்டும்.
* விளையாடி முடித்ததும் நகம் உட்பட சோப்புப் போட்டுக் கழுவட்டும். காலில் செருப்பு இருக்கட்டும். பள்ளியில் தரும் குடல்புழு மாத்திரையைத் தவற விடாதீர்கள்.
* தோட்ட வேலை நாளுக்கென்று ஒரு பழைய சட்டை கொடுத்தனுப்பினால் துவைக்கிற கவலை இல்லை.

"நாம் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்று நினைக்க வேண்டாம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டம் இருக்கவே இருக்கிறது. சமையலை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போய் வாருங்கள். கல்லுக்குக் காசு ஒதுக்குவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து கேட்டுவிடுவது முக்கியம். பதித்த பிறகு பெயர்ப்பது லேசில்லை!